பூனை வந்துவிட்டது, மணி பிளாண்டை என்ன செய்வது?

போன மாதம் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இருக்கும் என் தோழி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அடுக்குமாடிக் கொண்டோ ஹாலின் ஜன்னலோரம் இருபத்து மூன்று பூச்சட்டிகள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, ஊரே கெலாடி என்ற வண்ண இலைச் செடிமேல் பைத்தியம் பிடித்து அலைந்ததே, அப்போது சேர ஆரம்பித்த கூட்டம். படத்தின் ஓரத்தில், மான்ஸ்டெரா இலைக்குப் பின்னால், ஒரு சாம்பல் நிற வால். கீழே எழுதியிருந்தாள்: "நேத்து கார் பார்க்கிலேர்ந்து தூக்கிட்டு வந்தேன். மூணு மாசக் குட்டி. இதுல எதை வெளிய அனுப்பணும்? பூனையைன்னு மட்டும் சொல்லாத."

அதே வாரம் கெப்போங்கிலிருந்து அண்ணனும் கேட்டார். அவருடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடு, வாசலில் தோட்டம், புதிதாக ஒரு நாய்க்குட்டி. கேள்வி ஒன்றுதான்: கடித்தால் பூனைக்கும் நாய்க்கும் ஆகாத செடிகளை என்ன செய்வது? பதில் ஒன்றாக இருக்க முடியாது என்பதால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த இக்கட்டில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். எல்லாச் செடியையும் யாருக்காவது கொடுத்துவிடுவது; எட்டாத உயரத்தில் தொங்கவிடுவது; பால்கனிக்கோ தனி அறைக்கோ ஒதுக்குவது; ஆபத்தில்லாத செடிகளாக மாற்றிக்கொள்வது. நான்கையும் ஏதோ ஒரு காலத்தில் செய்து பார்த்தவள் நான். செந்தூலில் எங்கள் வீட்டில் இப்போது பூனை இரண்டு, சட்டி பதினாறு.

## எதை வைத்து முடிவெடுப்பது

கடித்தால் என்ன ஆகும்? முதலில் கேட்க வேண்டியது இதுதான். 'நச்சுச் செடி' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூட்டை கட்டுவதால்தான் பாதிக் குழப்பம். வாய் அரிப்பதும் சிறுநீரகம் செயலிழப்பதும் ஒன்றா?

உயிருக்கே உலை வைப்பவை ஒரு சில. பூனை உள்ள வீட்டில் முதல் எதிரி லில்லி. பூங்கொத்தில் வரும் பெரிய லில்லியும், தோட்டத்தில் வைக்கும் டே லில்லியும் சேர்த்துதான் சொல்கிறேன். இலை, இதழ், மகரந்தம், ஜாடியில் இருக்கும் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய் அதே லில்லியைத் தின்றால் வயிறு கலங்குவதோடு போய்விடும்.

நாய் உள்ள வீட்டில் முதல் எதிரி சாகோ பனை. கேட்டுக்குப் பக்கத்தில் அழகுக்கு வைக்கிறார்களே, கட்டையான தண்டும் கூரிய இலையுமாக, அதுதான். பெயரில் சாகோ இருந்தாலும் சரவாக்கில் சாகோ மாவு எடுக்கும் மரத்துக்கும் இதற்கும் உறவே இல்லை. இது பனையும் இல்லை, சைக்கஸ் இனம். செடி முழுக்க நஞ்சு, அதிலும் ஆரஞ்சு நிறக் கொட்டைதான் மோசம். ஒன்றிரண்டு கொட்டை ஒரு நாயின் கல்லீரலைத் தீர்த்துவிடும்.

அரளியும், டெசர்ட் ரோஸ் என்று விற்கும் அடீனியமும் இதயத்தைத் தாக்குபவை. பூனை, நாய் என்று பார்ப்பதில்லை. அரளி நமக்குப் புதிதில்லை. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம் நைவேத்தியத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அரளிப்பூவை எடுத்ததே அதன் நஞ்சுக்குப் பயந்துதான். சிறு சட்டியில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் கலஞ்சோவிலும் இதயத்தைத் தாக்கும் பொருள் உண்டு. அது பெரும்பாலும் வாந்தி, பேதியோடு நின்றுவிடும், ஆனாலும் நம்பி வைக்க முடியாது. ஊதாவாகப் பூத்து, நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகும் பிரன்பெல்சியா நாய்க்கு வலிப்பை வரவைக்கும்.

இரண்டாவது கூட்டம் பெரிது: மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, பிலோடெண்ட்ரான், டிபன்பாக்கியா, அக்லோனிமா, கெலாடி, பீஸ் லில்லி. இவற்றின் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. நமக்கு இதைப் பாடம் நடத்தத் தேவையில்லை. கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றவர்களைக் கேளுங்கள். அதே குடும்பம், அதே ஊசி. கடித்த உடனே வாய் எரியும், எச்சில் வழியும், முகத்தைத் தரையில் தேய்க்கும், சில சமயம் வாந்தி. பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். முதல் கடியிலேயே எரிவதால் நிறையத் தின்பதும் அரிது. தொண்டை வீங்கி மூச்சுக்குத் திணறினால் மட்டும் அவசரம். பாம்புச் செடி, கற்றாழை, சீனப் பெருநாளுக்கு வாங்கும் லக்கி பேம்பு ஆகியவற்றில் ஊசி இல்லை; வேறு பொருள், ஆனால் வாந்தியும் பேதியும் வரும்.

யாருடைய வாய்? பூனை ஒல்லியாகத் தொங்குவதைக் கடிக்கும், தாவி ஏறும், மேலே பட்டதை எல்லாம் நக்கும். நாய் தோண்டும், கிழங்கையும் கொட்டையையும் விழுங்கும், தரையில் விழுந்ததைத் தேடிப் பொறுக்கும். அதனால் பூனைக்கு வீட்டுக்குள் இருக்கும் செடியும், நாய்க்கு வாசல் தோட்டமும் கவலை. குட்டி என்றால் இரண்டுமே எதையும் வாயில் போடும்.

எந்த வீடு? கொண்டோவில் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். தெரஸ் வீட்டில் இடம் உண்டு, ஆனால் நாய் போகாத மூலை கிடையாது.

வீட்டில் வேறு யார்? இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். எங்கள் அம்மா திருஷ்டிக்கு வாசல் நிலையில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதை எடுக்கச் சொன்னால் பூனையை எடுக்கச் சொல்வார். அது இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. நிலையின் உச்சியில் இருப்பதால் நானும் விட்டுவிட்டேன்.

## வழி 1: எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது

பயந்தவர்கள் முதலில் செய்வது இது. ஒரே நாளில் நிம்மதி. அக்கம்பக்கத்தில் கேட்டால் மான்ஸ்டெராவை ஓடி வந்து வாங்கிக்கொள்ள ஆள் உண்டு.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, நீங்கள் கொடுக்கும் வீட்டிலும் பூனை இருக்கலாம். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும், எங்கள் மாடியில் இருக்கும் மலாய் அம்மாவுக்கு டிபன்பாக்கியாவைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் வீட்டில் ஐந்து பூனை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. திரும்பப் போய் வாங்கி வந்தேன், அசடு வழிய. இரண்டாவது, பச்சையே இல்லாத வீட்டில் சும்மா இருக்கும் பூனை வேறு எதையாவது கடிக்கும். சார்ஜர் கம்பி, பிளாஸ்டிக் பை, துடைப்பக் குச்சி. பச்சையைக் கடிப்பது பூனையின் இயல்பு, செடி போனால் பழக்கம் போகாது.

இந்த வழி யாருக்குச் சரி? செடி நாலைந்துதான் இருக்கிறது, அவற்றில் பாதி ஆபத்தானவை, நீங்களோ நாள் முழுக்க வீட்டில் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். இருபத்து மூன்று சட்டிக்கு இது அதிகம்.

## வழி 2: உயரத்தில் தொங்கவிடுவது

நாய்க்கு இது போதும். பூனைக்கு இது வேடிக்கை.

வளர்ந்த பூனை ஐந்தடி உயரத்துக்கு ஒரே தாவலில் போகும். நேராகப் போக முடியாவிட்டால் சோபா, டிவி மேசை, திரைச்சீலை என்று படி போட்டுக்கொள்ளும். நான் மணி பிளாண்டை பிரிட்ஜ் மேல் வைத்தேன். கொடி வளர்ந்து பிரிட்ஜின் பக்கவாட்டில் இறங்கியது. காற்றாடி சுற்றும்போது அது ஆடும். ஆடும் கயிற்றைப் பார்த்துச் சும்மா இருக்கும் பூனை எங்காவது உண்டா? ஒரு மத்தியானம் சட்டியோடு கீழே வந்தது. மண் சமையலறை முழுக்க, பூனை மேசைக்கடியில் எச்சில் வழிய உட்கார்ந்திருந்தது. வாயைத் தண்ணீரால் துடைத்துவிட்டேன், ஒரு மணி நேரத்தில் சாப்பிட வந்துவிட்டது.

செலவும் வெளியே தெரிவதைவிட அதிகம். கூரையில் கொக்கி போட ஆள் கூப்பிட வேண்டும், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஊற்ற ஒவ்வொரு முறையும் நாற்காலி. பழுத்த இலை எப்படியும் தரையில்தான் விழும், அதைப் பொறுக்காமல் விட்டால் உயரத்தில் வைத்ததற்கே பொருள் இல்லை.

வாய் அரிக்கும் ரகச் செடிகளுக்கு, கொடியை அவ்வப்போது வெட்டிவிடுகிறவர்களுக்கு, ஏறிக் குதிக்காத கிழட்டுப் பூனை உள்ளவர்களுக்கு இந்த வழி நடக்கும். உயிரைப் பறிக்கும் ரகத்தை எவ்வளவு உயரத்தில் வைத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

## வழி 3: பால்கனிக்கு அல்லது தனி அறைக்கு

கேட்க நன்றாக இருக்கும். கதவைச் சாத்தினால் செடி அந்தப் பக்கம், பூனை இந்தப் பக்கம். தெரஸ் வீட்டில் வாசலைக் கம்பி வைத்துத் தடுத்தால் நாய்க்கும் இதேதான்.

ஆனால் கோலாலம்பூர் வெயிலில் மேற்கு பார்த்த பால்கனி என்றால் கெலாடியும் கலாத்தியாவும் ஒரே வாரத்தில் கருகும். நிழல் வலை கட்ட வேண்டும். கதவு என்றாவது திறந்தே கிடக்கும், அன்றைக்குப் பூனை செடியைக் கடிப்பதைவிடப் பதினெட்டாவது மாடியிலிருந்து விழுவதுதான் பெரிய பயம். அதற்குப் பாதுகாப்பு வலை போடலாம், ஆனால் கட்டடத்தின் முகப்பு மாறுகிறது என்று பல கொண்டோ நிர்வாகங்கள் முதலில் அனுமதி கேட்கச் சொல்கின்றன. அப்புறம் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு. சட்டிக்கடித் தட்டில் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு இருந்தால், 1975ஆம் ஆண்டு முதல் இருக்கும் நோய்க்கிருமி பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தில் அபராதம் உண்டு. வெளியே ஒதுக்கிய செடியை நாம் தினமும் பார்ப்பதில்லை, தட்டையும் பார்ப்பதில்லை.

செடி சேர்ப்பதே பொழுதுபோக்கு, விலை கொடுத்து வாங்கிய அரிய வகைகளை விட முடியாது, தனியாகப் பூட்ட ஓர் அறை இருக்கிறது என்றால் இதுதான் சிறந்தது. செடி விளக்கு வைத்துத் தனி அறையில் வளர்க்கிறவர்களை எனக்குத் தெரியும். மின்கட்டணம் கொஞ்சம் ஏறும், மனம் நிம்மதியாக இருக்கும்.

## வழி 4: மாற்றிக்கொள்வது

என் ஓட்டு இதற்கு. ஒரே நாளில் செய்யத் தேவையில்லை என்பதுதான் இதன் வசதி.

சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தால் போதும். ஸ்பைடர் பிளாண்ட், கலாத்தியா, பெப்பரோமியா, பிட்டோனியா, ஹோயா, போஸ்டன் பெரணி, சீனப் பெருநாளுக்கு வரிசையாக வைத்திருக்கும் பெலனாப்சிஸ் ஆர்க்கிட் ஆகியவை எல்லாம் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லாதவை. என் செல்லம் பறவைக்கூடு பெரணி. நம் ஊர்ச் சாலையோர மரக்கிளைகளில் தானாகவே ஒட்டி வளரும் அந்தப் பெரிய பச்சைக் கிண்ணம்தான். இந்த ஈரக்காற்றில் பிறந்தது என்பதால் கொஞ்சவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். உயரமாக ஒன்று வேண்டும் என்றால் அரேக்கா பனை.

இங்கேதான் பெயர் காலை வாரும். அரேக்கா பனை பரவாயில்லை, சாகோ பனை கொல்லும். ஸ்பைடர் பிளாண்டைப் பூனை மேய்ந்தாலும் ஒன்றுமில்லை, ஸ்பைடர் லில்லியைத் தின்றால் வாந்தி. பீஸ் லில்லி வாயை மட்டும் அரிக்கும், உண்மையான லில்லி சிறுநீரகத்தைத் தின்றுவிடும். கடைக்காரரிடம் கேட்டால் "பூனைலாம் சாப்பிடாதும்மா" என்பார், அவருக்கு விற்க வேண்டும். அறிவியல் பெயரைப் போனில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

மறைந்த செலவு இலையிலும் மண்ணிலும் இருக்கிறது. செடி நல்லதாக இருந்தாலும், நாற்றுப் பண்ணையில் அடித்த பூச்சிமருந்து இலையில் இருக்கலாம். வாங்கியதும் நன்றாகக் கழுவிச் சில வாரம் தனியாக வையுங்கள். எலும்புத்தூள் உரம் நாய்க்கு விருந்து வாசனை, சட்டியையே கவிழ்த்துத் தின்னும். எல்லாவற்றையும்விட மோசம் நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு உருண்டை. நாய் அதைத் தீனி என்று நினைத்துத் தின்றுவிடும், பிறகு நடுக்கம், வலிப்பு. அண்ணன் வீட்டில் ஆபத்தான செடிகளை எல்லாம் கணக்கெடுத்து முடித்த பிறகு, கழிவறை அலமாரியில் அந்தப் பாக்கெட் பாதி திறந்தபடி இருந்தது.

இன்னொன்று: நஞ்சில்லை என்பதற்குத் தின்னலாம் என்று அர்த்தம் இல்லை. ஸ்பைடர் பிளாண்டைப் பூனைகள் புல்லைப் போல மேயும். அளவுக்கு மீறினால் அதுவும் வாந்திதான், அதோடு உங்கள் செடி மொட்டையாகிவிடும். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் கோதுமை முளைக்கப் போடுங்கள், கவனம் அந்தப் பக்கம் போகும்.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| | எல்லாம் கொடுப்பது | உயரத்தில் | பால்கனி, தனி அறை | மாற்றுவது |
|---|---|---|---|---|
| ஆபத்து குறைவது | முழுதாக | நாய்க்கு நன்றாக, பூனைக்குக் கொஞ்சம் | கதவு மூடியிருக்கும் வரை | ஏறக்குறைய முழுதாக |
| கையிலிருந்து போவது | செடிகள் மட்டும் | கொக்கி, ஆள் கூலி | வலை, நிழல் துணி | புதுச் செடிகளின் விலை |
| பிறகு தெரியும் செலவு | சும்மா இருக்கும் பூனை | உதிரும் இலை, நாற்காலி | ஏடிஸ், நிர்வாக அனுமதி | உரம், மருந்து, மொட்டைச் செடி |
| லில்லி, சாகோ, அரளி இருந்தால் | சரி | வேண்டாம் | வேண்டாம் | முதலில் இவை வெளியே |
| யாருக்கு | சில சட்டிகள், நேரமில்லாதவர் | நாய், வயதான பூனை | செடிப் பித்தர் | மற்ற எல்லாருக்கும் |

## நான்கு வழிக்கும் அடங்காதது: வெட்டிய பூ

செடியை நாம் வாங்குகிறோம். பூங்கொத்தை மற்றவர்கள் கொண்டு வருகிறார்கள்.

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது ஓர் உறவினர் பெரிய லில்லிக் கொத்தோடு வந்தார். மேசை நடுவில் வைத்தோம். மாலையில் வெள்ளைப் பூனையின் தோளில் காவி கலந்த மஞ்சள் தீற்றல். சமையலறையில் மஞ்சள்தூளில் உரசிவிட்டது என்று நினைத்தேன். துடைக்கக் குனிந்தபோது அது திரும்பி அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தது. தூளில் மஞ்சள் வாசனை இல்லை. மேசையில் ஒரு பூவின் மகரந்தத் தண்டு வளைந்து கிடந்தது.

முதலில் கூப்பிட்ட கிளினிக்கில், வாந்தி எடுத்தால் நாளைக்குக் காலையில் கொண்டு வாருங்கள் என்றார்கள். இரண்டாவது கிளினிக்கில் டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை மணிக்கு நக்கியது?" லில்லியைப் பொறுத்தவரை நேரம்தான் மருந்து. சுமார் 18 மணி நேரத்துக்குள் நரம்பில் சொட்டு மருந்து ஏற்றினால் சிறுநீரகம் பிழைக்க நல்ல வாய்ப்பு. அப்படியே விட்டால், முதலில் வாந்தி எடுத்துவிட்டுத் தேறியதுபோல் காட்டும், ஓரிரு நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். எங்கள் பூனைக்கு மூன்று நாள் படுக்கை, தினமும் இரத்தப் பரிசோதனை, ஆயிரத்து நானூறு வெள்ளி (ரிங்கிட்). பிழைத்துவிட்டது. இப்போது சோபாவில் என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறது.

மகரந்தத்தை மட்டும் கிள்ளிவிட்டால் போதும் என்று பூக்கடையில் சொல்வார்கள். போதாது, இதழும் தண்ணீரும் அப்படியே இருக்கின்றன. அழைப்பிதழிலேயே 'வீட்டில் பூனை உண்டு, லில்லி வேண்டாம்' என்று எழுதிவிடுகிறேன், கூச்சப்படுவதில்லை.

பூஜைப் பூக்களில் ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் பயமில்லை. பிரிக்பீல்ட்ஸில் மாலை வாங்கும்போது அரளி கோர்த்திருக்கிறதா என்று பார்த்துக் கேளுங்கள். சாமந்தி கொல்லாது, ஆனால் தின்றால் வாந்தி, எச்சில். நேற்றைய மாலையைக் கீழே குப்பைக்கூடையில் போடாமல் மூடியுள்ள டப்பாவில் போட்டாலே பாதி வேலை முடிந்தது. சாமி அலமாரி எங்கள் வீட்டில் பூனைகளுக்குப் பிடித்த மூன்றாவது இடம், கண்ணாடிக் கதவு போட்டுவிட்டோம்.

## கடித்துவிட்டால்

வாயில் இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீரால் துடையுங்கள். உடம்பில் மகரந்தம் இருந்தால் நக்க விடாமல் துண்டில் சுற்றுங்கள். செடியைப் படம் எடுங்கள், ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீர், எண்ணெய் என்று எதையாவது ஊற்றி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பாட்டி வைத்தியம் இங்கே உதவாது. லில்லி, சாகோ, அரளி, அடீனியம் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் பக்கத்தில் எது என்று இன்றைக்கே தேடி எண்ணைப் போனில் போட்டுவிடுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அதன் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் சாகோ பனையைத் தோண்டி எடுக்க ஆள் வைத்தார், அடீனியம் இரண்டும் நாயில்லாத ஒரு நண்பர் வீட்டுக்குப் போயின. அக்லோனிமாக்கள் அங்கேயே சுவர்மேல் இருக்கின்றன, நாய் ஏறிட்டும் பார்ப்பதில்லை. தோழி இருபத்து மூன்றில் ஏழு சட்டிகளை வெளியே அனுப்பினாள்: டிபன்பாக்கியா, கலஞ்சோ, கெலாடி ஐந்து. மான்ஸ்டெராவை விட மனமில்லை, அது படுக்கையறைக்குள் கதவு மூடிக் கிடக்கிறது. காலியான இடத்தில் ஒரு பெரிய பறவைக்கூடு பெரணி வாங்கி வைத்தாள். நேற்று மறுபடி படம் வந்தது. பெரணியின் நடுக் கிண்ணத்தில் அந்தச் சாம்பல் குட்டி சுருண்டு படுத்திருக்கிறது, இரண்டு இலை முறிந்து கிடக்கிறது.